ஜன்னலோரச் சீட்டும் வேலைக்குப் போகாத யானையும்

போன வாரம் ஓர் ஏரியில் படகுச் சவாரி போய் வந்தேன். யானை பார்க்கத்தான் போனோம். படகில் எழுபது பேராவது இருந்திருப்போம். யானை வந்தது. எல்லாரும் பார்த்தார்கள் — ஓர் ஆளைத் தவிர.

அந்த ஆள் யார் என்று கேட்கிறீர்களா? இத்தனை வருஷமாக இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள்... இதுகூடவா தெரியாது?

எனக்குக் கண்ணில் கோளாறு இல்லை. படகில் தூங்கிவிடவும் இல்லை. யானை கூப்பிடு தூரத்தில்தான் நின்றது. நான்தான் அந்த நேரத்தில் வேறொரு முக்கியமான வேலையில் இருந்தேன். காலியாக இருந்த ஒரு சீட்டுக்குக் காவல் இருந்தேன்.

சிரிக்காதீர்கள். முதலில் இருந்து சொல்கிறேன்.

என் மனைவி கோமதி ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவள். டைம் ஆபீஸ். யார் எத்தனை மணிக்கு கேட்டுக்குள் வந்தார், யார் லேட், யார் லீவு, யார் சொல்லாமல் நின்றுவிட்டார் என்று எழுதுகிற வேலை. முப்பத்தோரு வருஷம் எழுதினாள். மூன்று மாதத்துக்கு முன்னால் மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். டைம் ஆபீஸ்காரிக்குக் கடிகாரம்! யோசித்தவர் யாரோ, நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். தினமும் காலை ஏழு நாற்பது பஸ்ஸில் அவள் ராஜபாளையம் போக வேண்டும். அந்த பஸ் மதுரையிலிருந்து வரும்போதே திணறிக்கொண்டுதான் வரும். எங்கள் ஊரில் பத்துப் பேர் இறங்கினால் முப்பது பேர் ஏறுவார்கள். இறங்குகிறவர்கள் இறங்கி முடிப்பதற்குள் ஏறுகிறவர்கள் ஏறியிருப்பார்கள். அவர்களுக்கும் முன்னால் துண்டுகள் ஏறியிருக்கும்.

துண்டு விவகாரத்தை எங்கள் ஊர்ப் பக்கத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பஸ் ஓய்ந்து நிற்பதற்கு முன்பே கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டையோ, கைக்குட்டையையோ, சாப்பாட்டுக் கூடையையோ காலி சீட்டில் போட்டுவிட்டால் அந்தச் சீட் நம்முடையது. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் போலீஸ்காரர் ஏறினாலும் துண்டு கிடக்கிற சீட்டில் உட்கார மாட்டார். யாராவது கேட்டால், ‘ஆள் வருது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கோமதிக்குத் துண்டு போட்டது நான். முப்பத்தோரு வருஷமும் நான்தான்.

வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்குக் காலையில் வேறென்ன சோலி? மற்றபடி எனக்கு ஓடத் தெரியாது, நீந்தத் தெரியாது, பந்து பிடிக்கத் தெரியாது. ஆனால் நகரும் பஸ்ஸின் ஜன்னலுக்குள், கம்பியில் படாமல், உட்கார்ந்திருப்பவர் மூக்கில் படாமல், மூன்றாவது வரிசை ஓரச் சீட்டில் துண்டை விழவைப்பேன். ஒரே ஒரு தடவைதான் தவறியது. அன்றைக்கு அவளை விட்டுவிட்டுத் துண்டு மட்டும் செங்கோட்டைக்குப் போய்விட்டது. மறுநாள் கண்டக்டர் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

அவள் சம்பாதித்தாள், சமைத்தாள், பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். அவளுடைய உத்தியோகத்தில் என் பங்கு என்று சொல்லிக்கொள்ள அந்தத் துண்டு ஒன்றுதான்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை நாலரை மணிக்கு அடுப்படியில் பாத்திரச் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால், டிபன் பாக்ஸில் தக்காளிச் சோறு கட்டிக்கொண்டிருக்கிறாள்.

“எங்க போற?” என்றேன்.

“எங்கயும் போகல. கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

பன்னிரண்டரைக்கு அதே டிபன் பாக்ஸை எங்கள் வீட்டு ஹாலில், எனக்கு எதிரில் திறந்துவைத்துச் சாப்பிட்டாள். பன்னிரண்டு ஐம்பதுக்குக் கழுவி வைத்தாள்.

அடுத்த வாரம் தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள் ஒரு கிளிப்பில் சேர ஆரம்பித்தன. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பால் — ஆறு பத்து. பேப்பர் — ஆறு நாற்பது. குழாய்த் தண்ணீர் — வரவில்லை. அதற்குக் கீழே என் பெயர்! நேரே எட்டு ஐம்பது என்று போட்டு, சிவப்பு மையில் ஒரு சுழி. அது நான் படுக்கையிலிருந்து எழுந்த நேரமாம்.

இதையெல்லாம் பார்க்கிறவர்களிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவள் வெகு நேரமாகியும் இறங்கி வரவில்லை. மேலே போனேன். மடித்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

“சும்மா இருக்க எனக்குத் தெரியலங்க” என்றாள். “சும்மா உக்காந்தா ஏதோ தப்பு பண்ணுன மாதிரியே இருக்கு.”

ஆயிரம் பேருக்கு நேரம் பார்த்தவள், தன்னுடைய நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறாள். என்ன சொல்லித் தேற்றுவது? சும்மா இருப்பதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டுதான். ஆனால் அதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க வரவில்லை.

யானை வந்தது இதற்கப்புறம்தான்.

எங்கள் தெரு வழியாகக் காலையில் சில நாள் கோயில் யானை போகும். முப்பத்தோரு வருஷமாகக் கோமதி அதை நின்று பார்த்ததில்லை. அது வரும் நேரத்தில் அவள் பஸ்ஸில் இருப்பாள். அன்றைக்கு வாசலில் நின்று பார்த்தாள். யானை நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு, கழுத்து மணி ஆட, நடந்து போனது.

“இதுவும் பாவம். காலையிலயே டூட்டிக்குப் போகுது” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “ஏங்க, வேலைக்குப் போகாத யானைய ஒரு தடவ பாக்கணும்” என்றாள்.

எதிர் வீட்டு வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஸ்டீபன் காதில் இது விழுந்துவிட்டது.

“அதுக்கு எதுக்குக்கா வெளியூரு போணும்? அதான் உங்க வீட்டுக்குள்ளயே ஒண்ணு நிக்குதே!”

என் எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. ஸ்டீபனோடு நான் இரண்டு நாள் பேசவில்லை.

வேலைக்குப் போகாத யானைக்கு எங்கே போவது? பக்கத்திலேயே கிடைக்குமா என்று வத்திராயிருப்பில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டேன். “யானையா? வாங்க, வாங்க. ராத்திரி மலையில இருந்து இறங்கி வந்து நாலு தென்னையச் சாச்சுப்புட்டுப் போயிருக்கு” என்றார். கோமதியிடம் சொன்னேன்.

“அது நைட் ஷிப்ட்டுங்க” என்றாள். “அது வேணாம்.”

அப்புறம்தான் அந்த ஏரி. தேனி, கம்பம் தாண்டி மலை ஏறி, கேரளாவுக்குள் போக வேண்டும். பெயர் சொல்லப் போவதில்லை. மறுபடியும் அங்கே போக வேண்டியிருக்கிறது, மானத்தோடு.

பொழுது விடியும்போது பஸ் ஏறினோம். மதியத்துக்கு மேல் புறப்படும் படகுக்கு டிக்கெட் கிடைத்தது. கோமதி கவுன்டருக்குள் குனிந்து, “யானை எத்தன மணிக்கு வரும்?” என்று கேட்டாள்.

உள்ளே இருந்தவர் சிரித்தார். “அது சொல்ல முடியாதம்மா. வந்தா வரும். சிலப்போ வராது.”

கோமதி என் பக்கம் திரும்பினாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்!

“டைமே கிடையாதாம்ங்க!”

அந்த முகத்தைப் பார்த்ததும் நான் முடிவு செய்துவிட்டேன். யானை வருவதும் வராததும் அதன் பாடு. ஆனால் வந்தால், கோமதி ஜன்னலோரத்தில் இருந்துதான் பார்க்க வேண்டும். அதற்கு நான் பொறுப்பு.

படகுத்துறைக்கு இறங்கினோம். அங்கே எல்லாருக்கும் மிதவைச் சட்டை மாட்டிவிடுகிறார்கள். எனக்கு மாட்டினவர் பட்டையை இப்படி இழுத்தார், அப்படி இழுத்தார். இரண்டு முனையும் சந்திக்கவே இல்லை.

“சாரே, கொஞ்சம் மூச்ச உள்ள இழுத்துப் பிடிங்க.”

பிடித்தேன். க்ளிக் என்று மாட்டிவிட்டார்.

“எம்புட்டு நேரம் பிடிச்சிருக்கணும்?” என்றேன் பாதி மூச்சில்.

“ஒன்றரை மணி நேரம்தான்.”

வரிசை நகர்ந்தது. படகு துறையை ஒட்டி நின்றது. கீழ்த்தளம் பார்க்க எங்கள் ஊர் டவுன் பஸ் மாதிரியே இருந்தது. நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சீட், கண்ணாடி இல்லாத ஜன்னல்கள். எனக்கு முன்னால் நாற்பது பேர். வடக்கத்திக் குடும்பங்கள், கல்லூரிப் பிள்ளைகள், தொப்பி போட்ட வெள்ளைக்காரர் இரண்டு பேர். எல்லாரும் எவ்வளவு ஒழுங்காக நின்றார்கள் தெரியுமா? ஒருவராவது ஜன்னலைப் பார்க்க வேண்டுமே!

என் தோளில் துண்டு இருந்தது. கை தானாக அதை எடுத்தது. நான் யோசிக்கவில்லை, சத்தியமாக. வரிசையில் நின்ற இடத்திலிருந்தே வீசினேன். மூன்று மாதம் ஓய்வில் இருந்த கை. ஆனாலும் தவறவில்லை. துண்டு ஜன்னல் வழியாகப் போய் மூன்றாவது வரிசை, இடதுபக்க ஓரச் சீட்டில் விரிந்து விழுந்தது.

அடுத்த நொடி... என் தலைக்கு மேலாக இன்னொரு துண்டு பறந்தது. அதே ஜன்னல். அதே சீட். என் துண்டின் மேலேயே விழுந்தது.

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் பத்தாவது ஆளாக ஒருவர், கையை இன்னும் இறக்காமல் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். பக்கத்தில் அவர் மனைவி.

“அண்ணாச்சிக்கு எந்த ஊரு?” என்றேன். கேட்டிருக்கவே வேண்டாம்.

“ராஜபாளையம்” என்றார்.

வெள்ளைக்காரர் ஒருவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ வழிபாடு என்று நினைத்திருக்கலாம்.

உள்ளே போய் நாங்கள் இருவரும் சீட்டின் முன்னால் நின்றோம். வழக்கு என்னவோ சிக்கலானதுதான். ஆனால் எங்கள் பக்கத்து பஸ்களில் இதற்கும் தீர்ப்பு இருக்கிறது. அவரே குனிந்து துண்டுகளை விலக்கிப் பார்த்தார்.

“உங்க துண்டுதான் அடியில கிடக்கு. அடித்துண்டுதான் மொதத் துண்டு. நீங்களே உக்காருங்க சார்.”

தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மனைவியோடு எதிர்ப்பக்கம், காலியாகக் கிடந்த வலதுபக்கச் சீட்டில் போய் உட்கார்ந்தார். கோமதியை ஜன்னலோரத்தில் உட்காரவைத்து நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு இருந்த பெருமைக்கு மிதவைச் சட்டை இன்னும் கொஞ்சம் இறுகியது.

நடைபாதைக்கு அந்தப் பக்கமிருந்து அவருடைய மனைவி கோமதியையே பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் தெலுங்கில் என்னவோ கிசுகிசுத்துக்கொண்டார்கள். பிறகு அந்த அம்மா குனிந்து கேட்டார்.

“மேடம்... நீங்க டைம் ஆபீஸ் மேடம்தான?”

கோமதி உற்றுப் பார்த்தாள். “ஆமா. நீ... வைண்டிங் பிரிவுல இருந்த மாரீஸ்வரிதான?”

“ஆமா மேடம்! மில்ல விட்டு நின்னு எட்டு வருசமாச்சு. நீங்க மறந்திருப்பீய. நான் மறக்கல. ஒரு மழை நாள்ல மூணு நிமிசத்துக்கு எனக்கு லேட் போட்டீய.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கோமதியின் முகம் சுருங்கிவிட்டது. “ரூல் அப்படிம்மா அப்போ...” என்று இழுத்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். சீட்டும் பிடுங்கியாயிற்று, பழைய பகையும் கிளம்பியாயிற்று. ஒன்றரை மணி நேரம் இவர்களுக்கு எதிரில் எப்படி உட்கார்ந்திருப்பது?

படகு கிளம்பியது.

ஏரி அழகாகத்தான் இருந்தது. தண்ணீருக்குள்ளிருந்து பட்டுப்போன மரங்கள் கரேலென்று நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம், இறக்கையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு. மேட்டில் பச்சைப் புல், அதற்குப் பின்னால் காடு, அதற்கும் பின்னால் மேகத்தில் பாதி மறைந்த மலை. கோமதி கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

படகுக்காரர் ஒருவர் முன்னால் நின்று சொல்லிக்கொண்டு வந்தார். “வலதுபக்கம் பாருங்க, மிளா மான்.” எல்லாத் தலையும் வலப்பக்கம் திரும்பியது. பத்து நிமிஷம் கழித்து, “வலதுபக்கம் காட்டெருமை.” அப்புறம், “வலதுபக்கம் காட்டுப்பன்றி, குட்டிகளோட.”

இடதுபக்கம் என்ன இருந்தது? தண்ணீர் இருந்தது. தண்ணீருக்கு அப்பால் தூரத்தில் புல் இருந்தது. படகு வலதுகரையை ஒட்டியே போய்க்கொண்டிருந்தது. முப்பத்தோரு வருஷ அனுபவத்தில் நான் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் போதும், எந்தப் பக்கமானால் என்ன? அவள் தூங்கத்தான் போகிறாள்.

“கவலப்படாத. திரும்பி வரும்போது அந்தக் கரை நம்ம பக்கம் வந்துரும்” என்றேன், விஷயம் தெரிந்தவன் போல.

“சரிங்க” என்றாள். நான் பிடித்துக்கொடுத்த ஜன்னல் வழியாக நான் காட்டிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொறுமையைப் பார்க்கப் பார்க்க எனக்குத்தான் கூசியது.

படகு ஒரு வளைவில் திரும்பியது. படகின் என்ஜின் சத்தம் குறைந்தது. படகுக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“வலதுபக்கம்... யானை.”

அவ்வளவுதான். வலதுபக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னலுக்குச் சாய்ந்தார்கள். நடுவில் செல்போன்கள் உயர்ந்தன. இடதுபக்கத்தில் இருந்தவர்கள் எழுந்தார்கள். “இரிக்கு, இரிக்கு! யாரும் எழுந்திரிக்கக் கூடாது! போட் சாயும்!” என்று படகுக்காரர் கத்தினார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். எங்கள் கண்ணுக்கு முன்னால் முதுகுகள், பின்னந்தலைகள், செல்போன்கள்.

கோமதி கழுத்தை இப்படி நீட்டினாள், அப்படி நீட்டினாள். யாரோ தூக்கிப்பிடித்த செல்போன் திரையில் விரல் நீளத்துக்கு ஒரு யானை தெரிந்தது. அதைப் பார்த்தாள். அந்தத் திரையும் நகர்ந்துவிட்டது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

இத்தனை தூரம் கூட்டிக்கொண்டு வந்து, ஊரில் இல்லாத சாமர்த்தியத்தைக் காட்டி, யாரும் பார்க்க முடியாத பக்கத்தில் அவளை நானே உட்காரவைத்திருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நியாயம்தான்.

அப்போது எதிர்ப்பக்கமிருந்து ஒரு குரல்.

“மேடம்! சீக்கிரம் இங்கிட்டு வாங்க. லேட்டாயிரும்!”

மாரீஸ்வரிதான். தன் கணவரை முழங்கையால் இடித்து எழுப்பிவிட்டிருந்தாள். அவள் ஜன்னலோரத்திலிருந்து இந்தப் பக்கம் நகர்ந்துகொண்டு, அந்த ஓரத்தைக் கையால் தட்டிக்காட்டினாள். கோமதி ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்தபடி, “இரிக்கு, அம்மா, இரிக்கு!” என்ற சத்தத்துக்கு நடுவில், நடைபாதையைத் தாண்டிப் போய் ஜன்னலோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தோரு வருஷத்தில் அவள் மீறிய முதல் ரூல் அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது மாரீஸ்வரியின் கணவருக்கு உட்கார இடமில்லை. நடைபாதையில் குனிந்து நின்றார். என் பக்கத்தில் ஜன்னலோரம் காலி. அவர் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

“சார், செத்த நேரம் உக்காந்துக்கிடட்டுமா?”

அவள் எழுந்ததும் என் துண்டு அந்தச் சீட்டில் மறுபடி விரிந்து கிடந்தது. என் கை அதன் மேல் இருந்தது. என் வாய் சொன்னது —

“ஆள் வருது.”

ஆமாம். சொன்னேன். என் மனைவி உட்கார்வதற்காகத் தன் சீட்டை விட்டு எழுந்து வந்த மனிதரிடம் சொன்னேன். ‘ஆள்’ யார் என்று அவருக்குத் தெரியும். ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்றும் தெரியும். ஆனால் அவரும் எங்கள் பக்கத்துக்காரர். துண்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், “சரிதான்” என்று தலையாட்டிவிட்டு நடைபாதையிலேயே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு எப்போது உறைத்தது என்று கேட்காதீர்கள். அவமானம் மெதுவாக ஏறியது. அந்தப் பக்கம் யானை. இந்தப் பக்கம் நானும் ஒரு காலிச் சீட்டும். அந்த ஏரி முழுவதிலும், அந்த நிமிஷத்தில், யானை பார்க்க யாருக்கும் உதவாத ஒரே பொருள் அந்தச் சீட்தான். அதைத்தான் நான் கைவைத்துக் காத்துக்கொண்டிருந்தேன்.

முதுகுகளுக்கு இடையில் கோமதியின் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. வாயை லேசாகத் திறந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். மாரீஸ்வரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எதையோ காட்டினாள். இருவரும் சிரித்தார்கள். அந்த முகத்தை இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் அன்றைக்குத்தான்.

என்ஜின் சத்தம் ஏறியது. படகு நகர்ந்தது. நான் துண்டை எடுத்துக்கொண்டேன்.

“அண்ணாச்சி, மன்னிச்சுக்கோங்க. வாங்க, உக்காருங்க. வாய் தவறி வந்துருச்சு” என்றேன்.

அவர் எழுந்து, முழங்காலைத் தடவிக்கொண்டு ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார். “அட விடுங்க சார். நானா இருந்தாலும் அதத்தான் சொல்லிருப்பேன்” என்றார். அவர் சொன்னதில் ஆறுதல் இருந்தது. ஆனால் குத்தவைத்து உட்கார்ந்தது அவர்தானே!

திரும்பும்போது நான் சொன்னது சரியாகத்தான் நடந்தது. அந்தக் கரை எங்கள் பக்கம் வந்தது. வளைவும் வந்தது. யானை இல்லை. ஈரமண்ணில் பெரிய பெரிய குழிகள் மட்டும் இருந்தன.

“இங்கனதான் சார் நின்னுச்சு” என்றார் மாரீஸ்வரியின் கணவர், மரியாதையாகக் கைகாட்டி. நான் அந்த மண்ணை நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

கோமதி இந்தப் பக்கம் வரவே இல்லை. துறை வந்து சேரும்வரை மாரீஸ்வரியோடு பேசிக்கொண்டே வந்தாள். இறங்கும்போது அவள் கையைப் பிடித்து, “அன்னைக்கு உனக்கு லேட் போட்டுருக்கக் கூடாதும்மா” என்றாள். “போங்க மேடம். மூணு நிமிசம் லேட்டு லேட்டுதான” என்றாள் மாரீஸ்வரி.

ஊர் திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. துண்டு என் மடியிலேயே கிடந்தது. கம்பம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

“யானை என்ன பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ணல.”

“ஒண்ணுமேவா?”

“சும்மா நின்னுச்சு. கொஞ்சம் மண்ண எடுத்து மேல போட்டுக்கிடுச்சு. பொறவு மறுபடியும் சும்மா நின்னுச்சு.”

“அம்புட்டுதானா?”

“அம்புட்டுதான். அதத்தான பாக்கப் போனோம்” என்றாள். “நம்ம படகு, சத்தம், அம்புட்டுப் பேரு... ஒண்ணையும் அது கண்டுக்கிடல. யாரு வந்தா, யாரு போனான்னு ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கலங்க. நீங்க நல்லாப் பாத்தீங்களா?”

“நான் சீட்டப் பாத்துக்கிட்டேன்” என்றேன்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. என் மடியில் இருந்த துண்டை எடுத்து மடித்து, மறுபடியும் என் தோளில் போட்டுவிட்டாள். ஒரே தடவைதான் மடித்தாள்.

மறுநாள் காலை நாலரைக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. ஏன் என்று புரியச் செத்த நேரம் ஆனது. பாத்திரச் சத்தம் இல்லை. பயந்துபோய் எழுந்து பார்த்தேன். கோமதி ஜன்னல் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் திறந்துதான் இருந்தது.

“என்ன பண்ணுது? மேலுக்கு முடியலயா?”

“ஒண்ணும் பண்ணல. சும்மா படுத்திருக்கேன்.”

உண்மையாகவே சொல்கிறேன், யானையைப் பார்த்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

ஏழு மணிக்கும் அப்படியே படுத்திருந்தாள். ஏழு நாற்பது பஸ் பஜாரில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது அவள் காதில் விழுந்தது, ஆனால் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காலண்டர் தாளை யாரும் கிழிக்கவில்லை. பால் எத்தனை மணிக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை எழுதிவைக்க ஆள் இல்லை.

“அப்ப... காபி?” என்றேன் எட்டு மணிக்கு.

“போடுங்களேன்” என்றாள், கண்ணை மூடியபடி.

அடுப்படிக்குள் போனேன். சர்க்கரை எது, உப்பு எது என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம். பால் பொங்கி வந்துவிட்டது. பாத்திரத்தை இறக்க இடுக்கியைத் தேடினேன். கிடைக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை உருவி, அதைக் கொண்டே பிடித்து இறக்கினேன். இன்றைக்கு எட்டாவது நாள், அப்படித்தான் நடக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது வேலைக்குப் போகிறவர்கள் இரண்டே பேர் — நானும் அந்தத் துண்டும்.